அத்தியாயம் 7: பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு (பி.பி.எச்.) – லேபர் வார்டுக் குழுவைப் பழக்கும் முறை

இந்த அத்தியாயம் லேபர் வார்டின் பொறுப்பில் இருக்கும் மருத்துவருக்கும் பொறுப்புச் செவிலியருக்கும் உரியது. தமிழ்நாட்டில் இன்று வீட்டுப் பிரசவம் அபூர்வம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. தாயின் உயிரைக் காவு வாங்கும் தாமதங்களை தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் மூன்றாகப் பிரித்தார்கள்: மருத்துவமனைக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவெடுக்க ஆகும் தாமதம், போய்ச் சேர ஆகும் தாமதம், போய்ச் சேர்ந்த பிறகு சிகிச்சை தொடங்க ஆகும் தாமதம். முதல் இரண்டும் பெருமளவு குறைந்துவிட்ட ஊரில் மிஞ்சி நிற்பது மூன்றாவது. அதைக் குறைப்பது சாலையின் கையிலோ 108 ஆம்புலன்சின் கையிலோ இல்லை. உங்கள் வார்டின் கையில் இருக்கிறது.

அந்தத் தாமதத்துக்கு அறியாமை காரணம் என்று எண்ணித்தான் பெரும்பாலான பயிற்சிகள் வகுப்பறையில் நடத்தப்படுகின்றன. ஆனால் ஆக்ஸிடோசின் எத்தனை யூனிட் என்று கேட்டால் தடுமாறும் செவிலியர் குறைவு. தடுமாற்றம் வேறு இடத்தில் வருகிறது: இது சாதாரண ரத்தப்போக்கா, ஆபத்தா என்று யார் சொல்வது, எந்த நொடியில் சொல்வது, சொன்னதும் யார் எதை எடுப்பது? நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. கர்ப்ப காலத்தில் உடலின் மொத்த ரத்த அளவு கூடியிருப்பதால், நிறைய இழந்த பிறகும் ரத்த அழுத்தம் சிறிது நேரம் இறங்காமல் நின்று நம்மை ஏமாற்றும். ஆகவே இந்த அத்தியாயம் முழுக்கச் சொல்லப்போவது ஒன்றுதான்: பயிற்சியின் வெற்றியைத் தேர்வு மதிப்பெண்ணால் அளக்காதீர்கள், ஆபத்தைக் கண்டறிந்ததிலிருந்து முதல் மருந்து உடம்பில் ஏறும் வரை ஆகும் நிமிடங்களால் அளங்கள்.

இப்படிச் சொல்ல ஆதாரம் என்ன?

மூன்று பெரிய ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகும். ஐரோப்பாவின் 13 நாடுகளில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், சில மருத்துவமனைகள் பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தத்தைப் பையில் பிடித்து அளந்தன. மற்றவை வழக்கம்போலக் கண்ணால் மதிப்பிட்டன. கடும் ரத்தப்போக்கின் விகிதத்தில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அளந்தால் மட்டும் போதாது என்பது இதன் பாடம். உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவ நிலையங்களில் நடந்து 2017இல் வெளியான ‘பெட்டர்பர்த்’ ஆய்வில், சரிபார்ப்புப் பட்டியலும் பயிற்றுநரும் கொடுக்கப்பட்டன. இரண்டாம் மாதத்தில், செய்ய வேண்டிய செயல்களில் 73 சதவீதம் செய்யப்பட்டன. பயிற்சி பெறாத நிலையங்களில் அது 42 சதவீதம். பயிற்றுநரின் வருகை நின்ற பிறகு, பன்னிரண்டாம் மாதத்தில், 73 என்பது 62 ஆக இறங்கிவிட்டது. தாய்சேய் இறப்பிலும் கடும் பாதிப்பிலும் மாற்றமே இல்லை. வெளியாள் வந்து தூண்டினால் நடக்கும் பழக்கம் அவர் போனதும் தளரும் என்பது இதன் பாடம்.

மூன்றாவது ‘இ-மோட்டிவ்’. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சுகப்பிரசவங்களைக் கொண்டு நடந்து 2023இல் வெளியானது. இங்கே அளவீடும் சிகிச்சையும் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டன. அளவுக்கோடு போட்ட டிரேப், கோட்டைத் தொட்டதும் ஒரே தொகுப்பாகச் செய்யும் செயல்கள், எல்லா மருந்தும் ஒரே இடத்தில் இருக்கும் டிராலி, பணியிடத்திலேயே ஒத்திகை, வார்டுக்குள்ளிருந்தே தேர்ந்த முன்னோடிகள், மாதாமாதம் தங்கள் கணக்கைத் தாங்களே பார்ப்பது. விளைவு: ரத்தப்போக்கு கண்டறியப்பட்டது வழக்கமான முறையில் 51 சதவீதம், இங்கே 93 சதவீதம். தொகுப்பு முழுவதும் செய்யப்பட்டது வழக்கமான முறையில் 19 சதவீதம், இங்கே 91 சதவீதம். கடும் ரத்தப்போக்கு, வயிற்றைத் திறக்கும் அறுவை, ரத்தப்போக்கால் மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்த விகிதம் 4.3 சதவீதத்துக்கு எதிராக 1.6 சதவீதம். இந்த மருந்துகளில் எதுவும் புதிதல்ல. அளவீட்டுக்கும் செயலுக்கும் நடுவே இருந்த இடைவெளி அடைபட்டதுதான் புதிது. உங்கள் பயிற்சியும் அந்த இடைவெளியைத்தான் குறிவைக்க வேண்டும்.

பயிற்சி தொடங்கும் முன் தயாராக வேண்டியவை

பொருள் இல்லாத இடத்தில் ஒத்திகை நடத்தினால் பணியாளர்கள் கற்றுக்கொள்வது அலட்சியம் ஒன்றைத்தான். முதலில் இவற்றைச் சரிசெய்யுங்கள்.

1. டிராலி அல்லது பெட்டி. ஆக்ஸிடோசின் தவிர மற்ற எல்லாம் இதில் இருக்கட்டும்: டிரானெக்ஸாமிக் அமிலம், மிசோபிரோஸ்டால், 16 அல்லது 18 கேஜ் வென்ஃப்ளான், சலைன், டிரிப் செட், சிரிஞ்சுகள், ஃபோலி கத்தீட்டர், கையுறை, ரத்த மாதிரிக் குழாய்கள், மேலே ஒட்டிய மருந்தளவு அட்டை. சாவி போட்ட அலமாரியில் வைக்காதீர்கள். ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் எண்ணிக் கையெழுத்திடட்டும்.
2. ஆக்ஸிடோசின். 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டிய மருந்து. காலையில் எடுத்து ட்ரேயில் போட்டு நாள் முழுக்க வெளியே வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். வீரியம் குறைந்த மருந்தை நம்பி நிமிடங்கள் போகும்.
3. அளவு டிரேப். தாயின் இடுப்புக்குக் கீழே விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. கீழ்ப்பகுதி புனல்போலத் தொங்கும், அதில் மில்லி அளவுக் கோடுகள் அச்சிட்டிருக்கும். கிடைக்காத இடத்தில் பேடுகளையும் துணிகளையும் எடைபோடுங்கள். நனைந்த எடையிலிருந்து உலர்ந்த எடையைக் கழித்தால் வரும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி ரத்தம்.
4. எழுத்துபூர்வமான நிலையாணை. மருத்துவர் வருவதற்குள் செவிலியர் எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம் என்று துறைத் தலைவர் கையெழுத்திட்ட ஒரு பக்கம் சுவரில் இருக்க வேண்டும். இது இல்லாமல் பயிற்சி அளித்தால், தொலைபேசியில் உத்தரவு கேட்டுக் காத்திருப்பதே தொடரும்.

எச்சரிக்கை: டிரானெக்ஸாமிக் அமில ஆம்பூல், முதுகுத்தண்டில் போடும் மயக்க மருந்து ஆம்பூலைப் போலவே தோன்றும். மாறிப்போய் முதுகுத்தண்டில் செலுத்தப்பட்டு உயிர்கள் போயிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமே இதுபற்றி எச்சரித்திருக்கிறது. இரண்டையும் ஒரே ட்ரேயில், ஒரே அறையில் வைக்கவே கூடாது. இதைப் பயிற்சியின் முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் பாடம்: தடுப்பு

சிகிச்சை ஒத்திகையில் ஆர்வம் காட்டும் குழுக்கள் தடுப்பைத் தெரிந்த சங்கதி என்று தாண்டிவிடுவதுண்டு. ஆனால் எல்லாத் தாய்மாருக்கும் தினமும் செய்வது இதுதான். ஆகவே பிழை புகுந்தால் தினமும் நடப்பதும் இதில்தான். வரிசையை இப்படிப் பழக்குங்கள்.

1. குழந்தை பிறந்ததும் தாயின் வயிற்றில் கைவைத்து, உள்ளே இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.
2. ஒரு நிமிடத்துக்குள் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில். மருந்து பிரசவத்துக்கு முன்பே சிரிஞ்சில் ஏற்றி, பெயர் ஒட்டித் தயாராக இருக்கட்டும்.
3. டிரேப்பை இப்போது விரிக்க வேண்டும். முன்பே விரித்தால் பனிக்குட நீர் சேர்ந்து அளவு பொய்யாகும்.
4. குழந்தை நன்றாக இருந்தால், தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்து வெட்டலாம்.
5. கருப்பை இறுகியதும், ஒரு கையால் கருப்பையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கொடியை அளவாக இழுத்து நஞ்சை எடுக்கலாம். இதில் பயிற்சி உள்ளவர் மட்டுமே செய்ய வேண்டும். கருப்பை தளர்ந்திருக்கும்போது இழுத்தால் அது உள்வெளியாகப் புரளும் ஆபத்து உண்டு.
6. நஞ்சு முழுமையாக வந்ததா என்று வெளிச்சத்தில் இரு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும்.
7. முதல் ஒரு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை கருப்பையின் இறுக்கம், டிரேப்பின் அளவு, நாடி, ரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் பார்த்து எழுத வேண்டும்.

குறிப்பு: இந்த வரிசையில் ஒன்றுமட்டும் கட்டாயம் தவறக்கூடாது என்றால் அது இரண்டாவது. நஞ்சை இழுத்து எடுப்பதால் கூடுதலாகக் கிடைக்கும் பலன் சிறிது என்று 2012இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதேபோல, ஆக்ஸிடோசின் பெற்று, கருப்பை இறுகியிருக்கும் தாய்க்குத் தடுப்பு என்ற பெயரில் வயிற்றைத் தொடர்ந்து பிசைவதும் தேவையில்லை. இறுக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் போதும்.

இரண்டாம் பாடம்: கண்ணை நம்பாமல் இருக்கப் பழக்குவது

கர்நாடகத்தின் பெலகாவியில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணால் மதிப்பிட்ட அளவையும் டிரேப் காட்டிய அளவையும் ஒப்பிட்டது. கண் சொன்னது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இந்தத் தகவலைச் சொற்பொழிவில் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். தன் கண் மட்டும் விதிவிலக்கு என்று ஒவ்வொருவரும் உள்ளுக்குள் நினைத்துக்கொள்வார்கள். அனுபவம் கூடக்கூட இந்த நம்பிக்கை கெட்டிப்படும். அதனால் சொல்வதைவிடச் செய்துகாட்டுவதே வழி.

நீர்த்த அரிசிக் கஞ்சியில் சிவப்பு உணவு நிறப்பொடியைக் கலந்துகொள்ளுங்கள். வெறும் நிறத் தண்ணீர் ரத்தத்தைவிட வேகமாகப் பரவும், கஞ்சி சற்றுக் கெட்டியாக இருக்கும். ரகசியமாக அளந்து ஐந்து இடங்களில் ஊற்றி வையுங்கள்: கிட்னி ட்ரேயில் 250 மில்லி, இரண்டு பேடில் 150, படுக்கை விரிப்பில் 500, பாதி தண்ணீர் உள்ள வாளியில் 300, தரையில் 700. ஒவ்வொருவரும் பேசாமல் சுற்றிவந்து ஒரு தாளில் அளவை எழுதட்டும். பிறகு உண்மை அளவைக் கரும்பலகையில் எழுதுங்கள். யாருடைய தாளையும் உரக்கப் படிக்க வேண்டாம். அவரவர் தாளை அவரவர் பார்த்தாலே போதும். விரிப்பும் வாளியும்தான் எல்லாரையும் ஏமாற்றும். இந்தப் பயிற்சியின் நோக்கம் கண்ணைக் கூர்மையாக்குவது அல்ல. அப்படிப் பழகிய கூர்மை சில வாரங்களில் மழுங்கிவிடும். அளக்காமல் எழுதக்கூடாது என்ற முடிவுக்குப் பணியாளர் தாமாகவே வந்துசேர வேண்டும், நோக்கம் அவ்வளவுதான்.

அடுத்து, எப்போது செயல்பட வேண்டும் என்ற எல்லையைக் கற்பியுங்கள். 500 மில்லி என்ற பழைய வரம்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனமும் மகப்பேறு மருத்துவர்கள், மருத்துவச்சிகளின் உலகக் கூட்டமைப்புகளும் 2025இல் வெளியிட்ட நெறிமுறை, இரண்டில் எது முதலில் வந்தாலும் சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது:

- ரத்தம் 300 மில்லியைத் தொட்டு, கூடவே இவற்றில் ஏதேனும் ஒன்று: நாடி 100க்கு மேல்; மேல் ரத்த அழுத்தம் 100க்குக் கீழ்; கீழ் அழுத்தம் 60க்குக் கீழ்; நாடியை மேல் அழுத்தத்தால் வகுத்தால் 1க்கு மேல்.
- மற்ற அளவுகள் எப்படி இருந்தாலும், ரத்தம் 500 மில்லியைத் தொடுவது.

குறிப்பு: ரத்தசோகை உள்ள தாய்க்குச் சிறு இழப்பும் பெரிது. அவருடைய கேஸ் ஷீட்டின் முகப்பிலேயே ஹீமோகுளோபின் அளவைப் பெரிதாக எழுதும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

மூன்றாம் பாடம்: ஐந்து செயல்கள், ஒரே தொகுப்பு

பழைய பயிற்சிகளில் இவை படிக்கட்டாகக் கற்பிக்கப்பட்டன: முதலில் ஒரு மருந்து, பலிக்கிறதா என்று பார்த்து அடுத்தது. அப்படிக் காத்திருப்பதில்தான் நேரம் ஓடுகிறது. 2017இல் வெளியான ‘உமன்’ ஆய்வு 21 நாடுகளில் 20,060 தாய்மாரைக் கொண்டு நடந்தது. டிரானெக்ஸாமிக் அமிலத்தைப் பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் பெற்றவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 1.2 சதவீதம், பெறாதவர்களில் 1.7 சதவீதம். பிறகு வந்த பகுப்பாய்வின்படி, ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் அதன் பலன் ஏறக்குறைய பத்து சதவீதம் குறைகிறது. கடைசி ஆயுதமாக வைத்திருக்க வேண்டிய மருந்தல்ல அது. ஆகவே இவை ஐந்தையும் ஒருசேரத் தொடங்கி, 15 நிமிடத்துக்குள் முடிப்பதை உங்கள் வார்டின் இலக்காக வையுங்கள்.

1. மசாஜ். தொப்புள் அருகே கருப்பையின் மேல்முனையைப் பிடித்து, அது இறுகும் வரை, சுமார் ஒரு நிமிடம். உறைந்த ரத்தக் கட்டிகளை வெளியேற்ற வேண்டும்.
2. ஆக்ஸிடோசின். 10 யூனிட்டை 200 முதல் 500 மில்லி சலைனில் கலந்து பத்து நிமிடத்தில். பிறகு 20 யூனிட்டை ஒரு லிட்டரில் கலந்து நான்கு மணி நேரத்தில்.
3. டிரானெக்ஸாமிக் அமிலம். 1 கிராம், நரம்பு வழியாக, பத்து நிமிடத்தில் மெதுவாக. அரை மணி நேரம் கழித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, 24 மணி நேரத்துக்குள் மீண்டும் தொடங்கினாலோ இன்னொரு கிராம்.
4. டிரிப். மருந்தேற்றத் தேவையான திரவத்துக்கு மேல் வேண்டியதை நாடியும் அழுத்தமும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ரத்த மாதிரி எடுத்து, ரத்த வங்கிக்கு அனுப்புவதும் இப்போதே.
5. பரிசோதனையும் உதவிக்கு அழைப்பும். சிறுநீர்ப்பை காலியா, நஞ்சு முழுமையா, பிறப்புறுப்பின் வாயிலிலும் கருப்பைக் கழுத்திலும் கிழிசல் உண்டா? கருப்பை கல்லாக இறுகியிருந்தும் ரத்தம் வழிந்தால் கிழிசலைத் தேட வேண்டும்.

எச்சரிக்கை: ஆக்ஸிடோசினை நரம்பில் ஒரே அழுத்தில் வேகமாகச் செலுத்தக்கூடாது, ரத்த அழுத்தம் சரியும். எர்கோமெட்ரின் உயர் ரத்த அழுத்தம் உள்ளவருக்குக் கூடாது. கார்போப்ரோஸ்ட் ஆஸ்துமா உள்ளவருக்குக் கூடாது. இவற்றைச் சிவப்பு மையில் மருந்தளவு அட்டையில் எழுதுங்கள். உங்கள் மாநில நெறிமுறை வேறு அளவு சொன்னால் அட்டையில் அதுவே இருக்க வேண்டும்; இரண்டு அளவு சுவரில் தொங்கக்கூடாது.

இவ்வளவுக்கும் ரத்தம் நிற்காவிட்டால் அடுத்த நிலை: மிசோபிரோஸ்டால் 800 மைக்ரோகிராம் நாக்கின் கீழ், இரு கை அழுத்தம், கருப்பைக்குள் பலூன், அறுவை அரங்கு. சீமாங் (முழுமையான அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு) மையத்துக்கு அனுப்ப வேண்டிய நிலையமாக இருந்தால், ஆம்புலன்சில் இரு கை அழுத்தத்தைத் தொடர்வதையும், காலிலிருந்து வயிறு வரை இறுக்கிக் கட்டும் ஷாக் தடுப்பு ஆடையைப் போடுவதையும் ஒத்திகையில் சேருங்கள். போய்ச்சேரும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டிய நான்கு செய்திகள்: இழந்த அளவு, நாடியும் அழுத்தமும், கொடுத்த மருந்தும் நேரமும், ரத்த வகை.

ஒத்திகை நடத்தும் முறை

வாரம் ஒருமுறை, 15 நிமிடம், பிரசவ அறையிலேயே, அந்த ஷிஃப்டில் இருப்பவர்களைக் கொண்டே. ஆண்டுக்கொரு மூன்று நாள் பயிலரங்கைவிட இது பலிக்கும். பயிலரங்கில் கூடுவோர் ஒருவருக்கொருவர் புதியவர்கள். நள்ளிரவில் சேர்ந்து கைகொடுக்கப் போவது வார்டில் இருப்பவர்கள். மாவட்டத் தலைநகரில் போலி டிராலியில் பழகிய கை, சொந்த வார்டில் கத்தீட்டர் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று தேடும். அந்தத் தேடல்தான் நாம் குறைக்க விரும்பும் நேரம்.

1. ஒருவர் தாயாகப் படுக்கட்டும். நிறக் கஞ்சி நிரப்பிய பழைய சலைன் பையைக் குழாயோடு துணிக்கடியில் மறைத்து, டிரேப்புக்குள் வடியவிடுங்கள்.
2. நிறுத்துக்கடிகாரத்தை 300 கோட்டைத் தொடும் நொடியில் தொடங்குங்கள்.
3. கண்டவர் உரக்கச் சொல்ல வேண்டும். மனத்துக்குள் சந்தேகப்படுவது கணக்கில் சேராது.
4. ஒவ்வொரு கட்டளையும் பெயர் சொல்லி இடப்பட வேண்டும்; பெற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும்; முடிந்ததும் முடிந்தது என்று சொல்ல வேண்டும்.
5. தாயாக இருப்பவரிடம் யாராவது பேசினார்களா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காதில் விழ வேண்டியது இப்படி இருக்கும்:

“ரத்தம் முந்நூறு தொட்டாச்சு, நாடி நூத்திப் பன்னெண்டு. பி.பி.எச். ஆரம்பிக்கிறோம். மீனா சிஸ்டர், ஆக்ஸிடோசின் பத்து யூனிட் டிரிப்ல போடுங்க.”

“ஆக்ஸிடோசின் பத்து யூனிட், டிரிப்ல… ஏத்தியாச்சு. மணி ரெண்டு பதினாலு.”

“லட்சுமி அக்கா, டிராலியைத் தள்ளிட்டு வந்து, டாக்டருக்கு போன் போடுங்க.”

“அம்மா, ரத்தம் கொஞ்சம் கூடுதலா போகுது. அதை நிறுத்தத்தான் மருந்து ஏத்துறோம். வயித்தை அழுத்துறப்போ வலிக்கும், பொறுத்துக்கோங்க. நாங்க பக்கத்துலயேதான் இருக்கோம்.”

முடிந்ததும் ஐந்து நிமிடம் கலந்து பேசுங்கள். கேள்விகள் மூன்று போதும்: எது சரியாக நடந்தது, எங்கே நின்றோம், நாளைக்குள் எதை மாற்றலாம்? “யார் செய்யவில்லை” என்ற கேள்வியை அனுமதிக்காதீர்கள். “எது தடுத்தது” என்று கேளுங்கள். திட்டு விழும் ஒத்திகைக்கு அடுத்த வாரம் ஆள் வராது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- மருத்துவர்களுக்குத் தனியாக, செவிலியர்களுக்குத் தனியாகப் பயிற்சி அளிப்பது. சேர்ந்து செய்ய வேண்டியதைச் சேர்ந்தே பழக வேண்டும். டிராலி தள்ளும் மருத்துவமனைப் பணியாளரும் இதில் அடக்கம்.
- டிரேப்பை விரித்துவிட்டுப் பார்க்காமல் விடுவது. தாயின் மேல் போர்த்திய துணி கோட்டை மறைத்துவிடும்.
- “கொஞ்சம் பார்ப்போம்” என்று இன்னொரு பேடை மாற்றுவது. மாற்றிய பேடு எடைபோடாமல் குப்பைக்குப் போனால் அந்த ரத்தம் யார் கணக்கிலும் வராது.
- ரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடைவது. நாடிதான் முதலில் ஏறும்.
- டிரேப்பில் ரத்தம் குறைவு என்பதால் தாயின் வெளிறலையும் படபடப்பையும் அலட்சியம் செய்வது. கருப்பைக்குள்ளோ திசுக்களுக்குள்ளோ ரத்தம் தேங்கலாம்.
- பகல் ஷிஃப்டுக்கு மட்டும் ஒத்திகை நடத்துவது.

வழக்கமாக எழும் ஆட்சேபங்கள்

“ஆள் இல்லை, இருவர் இருக்கும் ஷிஃப்டில் இதெல்லாம் நடக்காது” என்பது முதல் ஆட்சேபம். ஆள் பற்றாக்குறை உண்மை. பயிற்சி அதற்கு மாற்றாகாது, காலியிடங்களை நிரப்பக் கேட்பதை நிறுத்தவும் கூடாது. ஆனால் ஆள் குறைவாக இருக்கும் இடத்தில்தான் யார் எதைச் செய்வது என்ற ஏற்பாடு அதிகம் தேவைப்படுகிறது. இருவர் ஒத்திகையைத் தனியாக நடத்துங்கள்: பிரசவம் பார்த்தவர் கருப்பையை விட்டுக் கையை எடுக்காமல் மசாஜ், சிறுநீர் வெளியேற்றம், பரிசோதனை, மற்றவர் டிரிப், இரண்டு மருந்துகள், நாடி, அழுத்தம். தொலைபேசியும் நேரம் எழுதுவதும் மருத்துவமனைப் பணியாளரின் வேலை. இருவரும் ஒரே ஆம்பூலைத் தேடி ஓடுவது நின்றாலே நிமிடங்கள் மிஞ்சும்.

“300 மில்லியிலேயே தொடங்கினால் தேவையில்லாதவர்களுக்கெல்லாம் மருந்து போகும்” என்பது இரண்டாவது. நியாயமான கவலைதான். ஆனால் நெறிமுறை 300ஐ மட்டும் வைத்து முடிவெடுக்கச் சொல்லவில்லை. உடல் காட்டும் அறிகுறியையும் சேர்த்தே கேட்கிறது. அப்படியும் சிலருக்குக் கூடுதலாக மருந்து போகலாம். சரியான அளவில், மெதுவாகக் கொடுக்கப்படும் ஆக்ஸிடோசினாலும் டிரானெக்ஸாமிக் அமிலத்தாலும் வரும் பாதகத்தையும், தாமதத்தால் வரும் பாதகத்தையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும் என்பதில் ஐயமில்லை. ரத்தக் கட்டு நோய் உள்ளவர் போன்ற விதிவிலக்குகளைப் பிரசவத்துக்கு முன்பே கேஸ் ஷீட்டில் குறித்துவைத்தால், அவசரத்தில் யோசிக்க வேண்டியிராது.

“உத்தரப் பிரதேசத்தில் அவ்வளவு பெரிய முயற்சியே உயிரைக் காக்கவில்லையே, பயிற்சியால் என்ன பயன்?” என்பது மூன்றாவது, மூன்றிலும் வலுவானது. அந்த ஆய்வு பயிற்சி வீண் என்று காட்டவில்லை. எப்படிப்பட்ட பயிற்சி போதாது என்று காட்டியது. பல செயல்களைப் பரவலாகத் திருத்தியது, வெளியிலிருந்து வரும் பயிற்றுநரைச் சார்ந்து நின்றது. இ-மோட்டிவ் ஒரே ஆபத்தை எடுத்துக்கொண்டது, அதைக் கண்டறியக் கருவி கொடுத்தது, கண்டறிந்த நொடியோடு சிகிச்சையைப் பிணைத்தது, காவலை வார்டிடமே ஒப்படைத்தது. இரண்டின் களங்களும் வேறு, அளந்த விளைவுகளும் வேறு என்பதால் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் பயிற்சியை வடிவமைப்பவருக்கு இந்த நான்கு வேறுபாடுகளே போதிய வழிகாட்டல்.

பயிற்சி பலித்ததா?

மாதத்துக்கு மூன்று எண்களை மட்டும் பிரசவ அறைச் சுவரில் எழுதுங்கள். அதிகாரிகளுக்கு அனுப்பும் அறிக்கையிலிருந்து இது வேறு. வார்டு தனக்குத் தானே பார்ப்பது.

1. சுகப்பிரசவங்களில் எத்தனை சதவீதத்தில் ரத்தம் அளந்து எழுதப்பட்டது?
2. ரத்தப்போக்கு என்று அறியப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு ஐந்து செயல்களும் செய்யப்பட்டன?
3. கண்டறிந்ததிலிருந்து முதல் மருந்து வரை சராசரியாக எத்தனை நிமிடம்?

முதல் மாதங்களில் ரத்தப்போக்கு எண்ணிக்கை கூடியதுபோலத் தெரியும். பயப்பட வேண்டாம், மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: முன்பு கண்ணில் படாதது இப்போது படுகிறது. கூடிய எண்ணுக்காகப் பணியாளர்களைக் கேள்வி கேட்டால், அடுத்த மாதம் டிரேப்பின் அளவு 290இலேயே நின்றுவிடும். அந்த நாளே பயிற்சி செத்தது என்று பொருள்.

இந்த வாரமே தொடங்க நினைப்பவர் டிரேப் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைய ஷிஃப்ட் முடிவதற்குள் ஆக்ஸிடோசின் ஃபிரிட்ஜின் வெப்பநிலையைப் பாருங்கள், டிராலியைத் திறந்து எண்ணுங்கள், நிலையாணைக்குக் கையெழுத்து வாங்குங்கள், ஓர் எடைத்தராசைப் பிரசவ அறைக்குள் கொண்டுவாருங்கள். முதல் ஒத்திகையை நாளை இரவு ஷிஃப்டில் வையுங்கள்.